மதுவிலக்குக் கண்ட மூதறிஞர் இராஜாஜி

உலகிலே பெரியோர் எனப் போற்றப்படுவோர் பலவகையினர். நாடாண்டோர் சிலர், நூல் செய்தோர் சிலர், அறம் வளர்த்தோர் சிலர். ஆயின், தாம் பெற்ற வெற்றி தம் கண்முன்னே தோல்வியாய் முடிவதைக் கண்ட பின்னும், கொண்ட கொள்கையைக் கைவிடாது நின்றோர் மிகச் சிலரேயாவர். அத்தகையோருள் ஒருவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். சுதந்திர இந்தியாவின் கடைசி மகாதேசாதிபதி என்றும், மகாபாரதக் கதையை வியாசர் விருந்தாகவும் இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகனாகவும் எளிய தமிழிற் படைத்தவர் என்றும் அன்னாரை நம் பெரியோர் அறிவர். அன்னார் தம் வாழ்நாளில் ஐம்பது ஆண்டுகள் வரை மதுவை எதிர்த்து நின்ற வரலாற்றை இளைஞர் பலர் அறியார். அதனையே இம்மலரிற் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இப்பொருளை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம் பாட்டனார் காலத்திலே குடித்தவன் ஒளிந்து குடித்தான். வாவிக்கரையிலே இருள் கவிந்த பின்னர் சென்று, சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு வீடு திரும்பினான். இன்றோ குடியாதவன் ஒளிய வேண்டியிருக்கின்றது. கலியாண வீட்டின் பின்வளவிலும், கிரிக்கெட் ஆட்டம் முடிந்த மைதானத்திலும், பல்கலைக்கழக விடுதி அறையிலும், வேண்டாமென்று சொல்பவனே காரணம் காட்ட வேண்டியவனாகின்றான். மருந்து குடிக்கின்றேன் என்றும், விரதம் என்றும் பொய் சொல்லித் தப்புகின்றவர்களை நாம் கண்டிருக்கின்றோம். வெட்கம் இடம் மாறிவிட்டது. இம்மாற்றத்தை எண்ணிப் பார்ப்பதற்கு இராஜாஜியின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

பிறப்பும் இளமையும்

இராஜாஜி 1878 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் திகதி ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முனிசீப்பாய் இருந்தவர். ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி கற்று, சட்டம் பயின்று, 1900 ஆம் ஆண்டளவிற் சேலத்தில் வழக்கறிஞரானார். விரைவிலே பெரும்பொருள் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயும் இருந்தார். மனைவியாரை இளமையிலேயே இழந்த அன்னார் மறுமணம் செய்யாது ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டதும் வருவாய் மிக்க தொழிலைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்திற் குதித்து, 1921 ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை சென்றார்.

கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாகும். பிற்காலத்திற் பெரியார் எனப் புகழ்பெற்ற ஈ. வெ. இராமசாமி அவர்கள் கள் இறக்கப்படக் கூடாதென்று தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டி வீழ்த்தினார். அன்னாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். இராஜாஜியும் பெரியாரும் பின்னர் கொள்கையில் எதிரெதிர் நின்றாராயினும் நட்பிற் பிரியாதவர். கடவுளை நம்பியவரும் நம்பாதவரும் கூடிநின்ற களம் இதுவென்பதை நாம் மறத்தலாகாது.

கடையின் வலிமை

குடிகாரனைக் கண்டு நகைப்பதும் வைவதும் எளிது. அவனை அங்கு கொண்டுசென்றது எது என ஆராய்வார் சிலரே. அக்காலத்தில் அரசாங்கம் ஆண்டுதோறும் கள்ளுக்கடைகளை ஏலத்தில் விட்டது. கூடிய தொகைக்கு எடுத்தவன் அத்தொகையை மீட்கவேண்டி விற்பனையைப் பெருக்கினான். கையிற் காசில்லாதவனுக்குக் கடனும் கொடுத்தான். நாட்கூலி பெற்ற தொழிலாளி தோழரோடு வீடு திரும்பும் வழியிற் கடை நின்றது. ஒருவன் நுழைந்தால் மற்றவன் வெளியே நிற்க முடியாது. நேற்று ஒருவன் வாங்கிக் கொடுத்தானாயின் இன்று இவன் வாங்கிக் கொடுத்தல் வேண்டும். இவ்வாறு தாகத்தினால் அன்றி, நட்பினாலும் நாணத்தினாலும் குடித்தவரே பலர். வீட்டிலே அடுப்பு எரியவில்லை. அரசின் கருவூலமோ நிறைந்தது.

இலங்கையிலும் இதே நிலைதான். 1912 ஆம் ஆண்டு வந்த மதுவரிச் சட்டத்தின் பயனாக ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பிற்காலத்திற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க முதலியோர் பொதுவாழ்வுக்குள் வந்தது அம்மதுவிலக்கு இயக்கத்தின் வழியாகவே. பின்னர் ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமையும் கிடைத்தது. 1927 ஆம் ஆண்டு நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு எழுந்தருளியபோது இராஜாஜியும் உடன் வந்தார். அடிகள் யாழ்ப்பாணத்திற் பேசிய பொருள்களுள் மதுவிலக்கும் ஒன்றாகும்.

ஆச்சிரமமும் விமோசனமும்

1925 ஆம் ஆண்டு திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையத்திலே காந்தி ஆச்சிரமம் ஒன்றை இராஜாஜி நிறுவினார். மழை பொய்த்த வறண்ட நிலம் அது. அங்கே குடிசையில் வாழ்ந்து, கதர் வளர்த்து, தீண்டாமையையும் குடியையும் எதிர்த்துச் சிற்றூர்களிற் பணிபுரிந்தார். அங்கிருந்தே 1929 ஆம் ஆண்டிலே விமோசனம் என்னும் மாத இதழைத் தொடங்கினார். மதுவிலக்கு ஒன்றற்காகவே நடத்தப்பட்ட தமிழிதழ் அது. பின்னர் நாவலாசிரியராய்ப் பெரும்புகழ் பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி அவ்விதழில் அன்னாருக்குத் துணையாய் இருந்தார். கதையும் படமும் பாட்டும் கொண்டு, எழுத்து வாசனை குறைந்தவர்க்கும் விளங்குமாறு அது வெளிவந்தது. பத்து இதழ்களே வெளியாயின. 1930 ஆம் ஆண்டு வேதாரணியத்தில் உப்பு அறப்போர் நடத்தி அன்னார் சிறை புகுந்தார்.

இராஜாஜி எழுதிய திக்கற்ற பார்வதி என்னும் கதையும் குடியினாற் சிதைந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் கதையே. அன்னார் மறைந்த பின்னர், 1974 இல் அது திரைப்படமாயிற்று.

சேலத்திற் செய்த சோதனை

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானார். அதே ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி சேலம் மாவட்டம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களும் அக்காலச் சேலத்துள் அடங்கும். ஒரே நாளிற் கடைகள் மூடப்பட்டன. கடையை மூடியதோடு அமையாது, மாலைப்பொழுதைக் கழிக்க வேறு வழி வேண்டுமென உணர்ந்து, பஜனை, விளையாட்டு, கூத்து முதலியவற்றை ஊர்களில் ஊக்கினர். கள் இறக்கியோர் பிழைப்பு இழவாவண்ணம் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழிசெய்ய முயன்றனர். இவ்விரண்டும் நம் சங்கத்தார் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை. ஒன்றை எடுப்பவன் அவ்விடத்தில் இன்னொன்றை வைத்தல் வேண்டும்.

1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. மாகாண வருவாயில் ஏறத்தாழக் காற்பங்கு மதுவினால் வந்த காலம் அது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரியை அன்னார் புகுத்தினார். இந்தியாவில் இத்தகைய வரி இதுவே முதலாவது.

இராஜாஜி செய்தன யாவும் மக்கள் ஏற்றன என்று நாம் கூற வரவில்லை. 1938 இற் பாடசாலைகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953 இற் கொணர்ந்த புதிய கல்வித் திட்டமும் தமிழ்நாட்டிற் கடும் எதிர்ப்புக்குள்ளாயின. மதுவிலக்கிலும் குறையில்லாமல் இல்லை. கடை மூடிய இடங்களிற் கள்ளத்தனமாய்க் காய்ச்சுவோர் தோன்றினர். அவர்களைப் பிடிக்கவேண்டியவர் சிலர் கைக்கூலி வாங்கினர். இவற்றை மறைத்துப் புகழ்வது வரலாறு ஆகாது. ஆயினும், குடிக்க நினையாதவனையும் இழுக்கும் கடை வழியில் இல்லாது போகவே, கூலி முழுதும் வீடு வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவாயின என்பதும் வரலாறே.

மழையில் வந்த முதியவர்

1939 ஒக்டோபரில் இராஜாஜியின் மந்திரிசபை பதவி துறந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கும் நிறுத்தப்பட்டது. சுதந்திரத்தின் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 ஒக்டோபர் 2 ஆம் திகதி, காந்தியடிகள் பிறந்த நாளன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 47 ஆம் உறுப்புரை மதுவிலக்கை அரசின் நெறியாகக் கூறிற்று. இராஜாஜியின் கனவு நனவாயிற்று.

ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலத்தில், கள்ளுக்கடை வாசலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1971 இல் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களின் அரசு, நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கை நிறுத்த முற்பட்டது. அப்போது இராஜாஜிக்கு வயது தொண்ணூற்றிரண்டு. பதவி இல்லை, படை இல்லை. கொட்டும் மழையிலே அம்முதியவர் முதலமைச்சரின் வீட்டுக்குத் தாமே சென்று, மதுக்கடைகளைத் திறக்க வேண்டாமென வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 30 ஆம் திகதி மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1972 டிசம்பர் 25 ஆம் திகதி இராஜாஜி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பின்னர் அதே முதலமைச்சர் காலத்திற் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. பின்வந்த ஆட்சியிலே மீண்டும் திறக்கப்பட்டன. 1983 இல் மது வாணிபத்திற்கென அரசே ஒரு கழகம் நிறுவிற்று. 2003 முதற் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்துகின்றது. அக்கடைகள் இயங்குவதற்கான விதிகள் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே ஆக்கப்பட்டுள்ளன. குடியைத் தடுக்க வந்த சட்டம் பெயர் மாறாது நிற்க, அதன் நிழலிலே குடி விற்கப்படுகின்றது.

நம் கடன்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? சட்டம் கடையை மூடும். தோழன் நீட்டும் கிண்ணத்தை மூடாது. சட்டம் வரும், போகும். ஊரார் மனத்திலே குடியாமை இயல்பென்றும் குடிப்பதே காரணம் கூறவேண்டியதென்றும் நிலைபெற்றாலன்றி, எந்தச் சட்டமும் நில்லாது.

இலங்கையிலும் சட்டத்திற்குக் குறைவில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பதைத் தடுக்கின்றது. பூரணை நாட்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. ஆயினும் முதல்நாளே போத்தல் வாங்கி வைப்பதை நாம் அறியோமா? கல்குடாப் பகுதியில் எரிசாராயத் தொழிற்சாலை அமைவதை எதிர்த்து 2017 இல் மட்டக்களப்பு மக்கள் குரல் எழுப்பினர். தொழிற்சாலையை எதிர்த்துக் குரல் எழுப்புவது நன்று. நம் வீட்டு விழாவிலே போத்தலை எதிர்ப்பது அதனிலும் அரிது.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் அங்கும் மதுவிலக்கைக் கேட்டோம்; வீட்டிலே திருக்குறளின் தொண்ணூற்றுமூன்றாம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையையும் கேட்டோம். பௌத்தரின் ஐந்தாவது சீலமும் அதுவே. இஸ்லாமும் மதுவை விலக்கியது. சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழும் நம் தன்னாமுனையிலே, எல்லோரும் வேற்றுமையின்றிக் கூடிச் செய்யத்தக்க பணி இதனினும் வேறொன்று உண்டோ?

பெரியோர்களே, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒருவன் வேண்டாமென்றாற் காரணம் கேளாது விடுங்கள். அவனைக் கேலி செய்வோரைத் தடுத்து நிறுத்துங்கள். குடியை விட முயல்பவனைப் பழைய குடிகாரன் என்று சுட்டாது, அருகில் இருத்தித் தேநீர் கொடுங்கள். இளைஞர்களே, சேலத்தார் செய்ததுபோல, மாலை வேளைகளில் விளையாட்டும் நாட்டுக்கூத்தும் நூலகமும் கொண்டு, போத்தல் இல்லாத கூட்டத்தை ஆக்குங்கள். தனியே நின்று மறுப்பவன் தளர்வான். பத்துப்பேரோடு நின்று மறுப்பவன் தளரான்.

தொண்ணூற்றிரண்டாம் வயதிலும் மழையில் நனைந்து சென்ற அம்முதியவர் ஒரு முதலமைச்சரிடம் வேண்டியதை நாம் ஒருவரிடம் ஒருவர் வேண்டுவோமாக. அதுவே அன்னாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.