மில்லிகனும் என் ரெக்கார்டு நோட்டும்

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, எனக்கு எழுத்தெல்லாம் வராது அண்ணா, கான்கிரீட் போடத்தான் வரும் என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஹாஸ்டல் கதை, கேன்டீன் கதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள், நீ படிக்கிற பசங்களுக்கு உபயோகமாக ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்று சொல்லிவிட்டார்.

யாரை எழுதுவது என்று யோசித்தேன். ராபர்ட் மில்லிகன் ஞாபகத்துக்கு வந்தார். ப்ளஸ் டூவில் எண்ணெய்த் துளிச் சோதனைக்குப் படம் வரைந்து பாகம் குறித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரை நினைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் கல்லூரி பிசிக்ஸ் லேபில் ஆரம்பிக்கிறது.

முதலாம் ஆண்டு. யங் மாடுலஸ் சோதனை. ஸ்கேலின் நடுவில் எடையைத் தொங்கவிட்டு அது எவ்வளவு வளைகிறது என்று டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றும்போது ஒரு ரீடிங், இறக்கும்போது ஒரு ரீடிங். எனக்கு வந்த எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. சீனியர்கள் காட்டிய குறுக்கு வழி இருக்கவே இருக்கிறது! புத்தகத்தில் உள்ள விடையை எடுத்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரீடிங்கை நிரப்பினேன். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கடைசி இலக்கம் வரை ஒரே எண். சார் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமான ரீடிங் இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இனி மில்லிகன் கதைக்கு வருகிறேன்.

1868 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மாரிசன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். ஓபர்லின் கல்லூரியில் அவர் விரும்பிப் படித்தது கிரேக்க மொழி. ஒருநாள் கிரேக்கப் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் இளைய மாணவர்களுக்கு நீதான் பிசிக்ஸ் நடத்த வேண்டும் என்றார். எனக்கு பிசிக்ஸே தெரியாதே என்று இவர் விழித்தார். கிரேக்கம் நன்றாகப் படிப்பவனால் பிசிக்ஸும் நடத்த முடியும் என்பது பேராசிரியரின் பதில். விடுமுறை முழுக்க உட்கார்ந்து தானே படித்து, மாணவர்களுக்கும் நடத்தினார். அப்படிப் பிடித்த பிசிக்ஸ் கடைசிவரை விடவில்லை.

1895-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பிறகு ஜெர்மனியில் சிறிது காலம். 1896-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல்சனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். அவர் பங்கெடுத்து எழுதிய பாடநூல்கள் நன்றாக விற்றன. ஆனால் நாற்பது வயது நெருங்கியும் பேர் சொல்லும்படி ஆராய்ச்சி ஒன்றும் அமையவில்லை. கூட இருந்தவர்கள் ஆராய்ச்சியில் முன்னேறிப் போக, இவர் பாடநூல் ஆசிரியராகவே நின்றுவிடுவோமோ என்று கவலைப்பட்டார். முப்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு இந்தக் கவலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் அவர் கையில் எடுத்ததுதான் எலக்ட்ரானின் மின்னூட்டம். முதலில் நீராவி மேகத்தை வைத்து அளந்தார். பிறகு தனித்தனி நீர்த்துளிகளை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தார். தண்ணீரோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும். 1909-ல் ஹார்வி ஃப்ளெட்சர் என்ற ஆராய்ச்சி மாணவர் வந்து சேர்ந்தார். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் என்று முடிவானது. வாசனைத் திரவியம் தெளிக்கும் சாதாரணக் குப்பியைக் கடையில் வாங்கி வந்து, கருவியின் முதல் வடிவத்தைப் பொருத்தி, துளிகள் மிதப்பதை முதலில் பார்த்தவர் ஃப்ளெட்சர்தான்.

முறை நமக்குத் தெரிந்ததே. இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்த் துளி மெல்ல இறங்கும். மின்புலம் கொடுத்தால் மேலே ஏறும். இரண்டு நேரத்தையும் அளந்தால் துளியிலுள்ள மின்னூட்டம் கிடைக்கும். எந்தத் துளியை எடுத்தாலும் மின்னூட்டம் ஒரே ஓர் அடிப்படை அளவின் முழு மடங்காக வந்தது. மின்சாரம் தனித்தனித் துகள்களால் ஆனது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி!

சாட்சி கிடைத்தவுடன், கட்டுரையில் யார் பெயர் போடுவது என்ற கேள்வியும் வந்தது. ஃப்ளெட்சர் பிற்காலத்தில் எழுதி வைத்த குறிப்பின்படி, ஒருநாள் மில்லிகன் அவர் வீடு தேடி வந்தார். டாக்டர் பட்டத்துக்கு ஃப்ளெட்சர் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை தேவை. அதனால் பிரவுனியன் இயக்கம் பற்றிய கட்டுரை ஃப்ளெட்சர் பெயரில் போகட்டும், எண்ணெய்த் துளிக் கட்டுரை தன் பெயரில் மட்டும் போகட்டும் என்றார். இரண்டு பெயரும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்திருந்த மாணவர் ஏமாந்தார், ஆனாலும் சம்மதித்தார். 1910-ல் அந்தக் கட்டுரை ஒற்றைப் பெயரில் வெளிவந்தது. ஃப்ளெட்சர் பிறகு பெல் ஆய்வகத்தில் ஒலியியலில் பெரும் பெயர் எடுத்தார். தன் பேராசிரியர் மீது கடைசிவரை மரியாதையும் வைத்திருந்தார். அவர் 1981-ல் இறந்த பிறகு, 1982-ல்தான் இந்தக் குறிப்பு அச்சேறியது. இது ஒரு தரப்பின் ஞாபகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்லிகன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அடுத்தது இன்னும் சிக்கலான விஷயம். 1910 தொடக்கத்தில் வந்த நீர்த்துளிக் கட்டுரையில் மில்லிகன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். ஒவ்வோர் அளவீடும் எவ்வளவு நம்பகமானது என்று நட்சத்திரம் போட்டுக் காட்டினார். ஒரு துளியின் மின்னூட்டம் 30 சதவீதம் குறைவாக வந்தது, அதை நான் சேர்க்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஏரன்ஹாஃப்ட் என்ற விஞ்ஞானி, எலக்ட்ரானைவிடச் சிறிய மின்னூட்டமும் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மில்லிகனின் எண்களையே எடுத்து மில்லிகனுக்கு எதிராக வாதாடினார். மறைக்காமல் எழுதியதற்குக் கிடைத்த பரிசு இது!

1913-ல் மில்லிகன் தன் புகழ்பெற்ற கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியிட்டார். அதில் 58 துளிகளின் கணக்கு இருக்கிறது. இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாட்களில் சோதித்த துளிகள் அத்தனையும் இவைதான் என்ற பொருளில் ஒரு வாக்கியமும் இருக்கிறது. நட்சத்திரங்களைக் காணோம்.

அவருடைய லேப் நோட்டுகள் பத்திரமாக இருந்தன. 1978-ல் ஜெரால்டு ஹோல்டன் என்ற வரலாற்றாசிரியர் அவற்றைப் பிரித்துப் படித்தார். பின்னர் ஆலன் ஃப்ராங்க்ளின் துளித்துளியாக எண்ணினார். 1911 அக்டோபர் முதல் 1912 ஏப்ரல் வரை மொத்தம் 175 துளிகள். முதல் 68 துளிகள் கருவி சரியாகப் படிவதற்கு முன்பு எடுத்தவை, அவற்றை விடலாம். ஆனால் 1912 பிப்ரவரி 13-க்குப் பிறகு எடுத்தவை மட்டும் 107. அச்சில் வந்தவை 58. மீதி 49 எங்கே? நோட்டின் ஓரத்தில் சில துளிகளை அழகு என்று மெச்சி, வெளியிடலாம் என்று குறித்திருந்தார். சிலவற்றில் ஏதோ தப்பு என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தார்.

இதைப் படித்தபோது, அட, இவருமா என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது உண்மை. ஆனால் என் கேஸும் அவர் கேஸும் ஒன்றல்ல. நான் இல்லாத எண்ணை எழுதினேன். அவர் இருந்த எண்ணை விட்டார். அவர் விட்டவற்றில் பலவற்றுக்குப் போதுமான அளவீடு இல்லை, சிலவற்றில் கருவிக் கோளாறு. விட்டதில் சிலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் விடை கிட்டத்தட்ட மாறுவதில்லை, பிழை எல்லை மட்டும் கொஞ்சம் கூடுகிறது. அந்த வாக்கியத்தை வேறு விதமாகப் பொருள்கொண்டு அவருக்காக வாதாடும் அறிஞர்களும் உண்டு.

அப்புறம் என்னதான் குறை? விட்டது குறையில்லை. எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று எழுதாததுதான் குறை. முந்தைய கட்டுரையில் அதை எழுதிய அதே மனிதர்தான் இவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1913 விடையிலேயே ஒரு பிழை இருந்தது, ஆனால் அது துளிகளால் வந்ததல்ல. அவர் எடுத்துக்கொண்ட காற்றின் பாகுநிலை எண் சற்றுத் தவறு. அதனால் நிலைமின் அலகுக் கணக்கில் 4.803 வர வேண்டியது 4.774 என்று, சுமார் 0.6 சதவீதம் குறைவாக வந்தது. எக்ஸ்ரே வழியாக அளந்தவர்களின் விடை ஒத்துப்போகாததால் 1930-களில்தான் அது திருத்தப்பட்டது. பின்னால் வந்தவர்கள் மில்லிகன் எண்ணைவிட்டு அதிகம் விலகிய விடை வந்தால் தங்கள் கருவியில் தப்புத் தேடினார்கள், நெருங்கி வந்தால் தேடவில்லை என்று ரிச்சர்டு ஃபெயின்மன் 1974-ல் பட்டமளிப்பு விழா உரையில் மாணவர்களை எச்சரித்தார். அவர் பேசிய கால்டெக், மில்லிகன் வளர்த்தெடுத்த நிறுவனம்!

மில்லிகனின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் பாவம். ஒளிமின் விளைவு பற்றிய ஐன்ஸ்டீனின் கருத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. வருடக்கணக்கில் சோதித்தார். 1916-ல் விடை ஐன்ஸ்டீன் சமன்பாட்டுக்குச் சாதகமாக வந்தது. தன் நம்பிக்கைக்கு எதிரான விடையை அப்படியே அச்சில் கொடுத்தார். மின்னூட்டத்துக்கும் இதற்குமாகச் சேர்த்து 1923-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1921-ல் கால்டெக்குக்குப் போய் 1945 வரை அதை நடத்தினார். காஸ்மிக் கதிருக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர். அது பற்றிய அவருடைய கொள்கை மட்டும் தவறாகிப் போனது. அந்த ஆராய்ச்சிக்காக 1939-40-ல் நம் நாட்டுக்கும் வந்து, பெங்களூர் உள்ளிட்ட இடங்களில் குழுவினருடன் பலூன் பறக்கவிட்டிருக்கிறார். 1953 டிசம்பர் 19 அன்று காலமானார். மனித இனத்தைப் பொறுக்கி வளர்க்க வேண்டும் என்று பேசிய ஓர் அமைப்பில் அவர் பொறுப்பு வகித்ததற்காக, 2021-ல் கால்டெக் தன் கட்டடங்களிலிருந்து அவர் பெயரை எடுக்க முடிவு செய்தது. பெரிய மனிதரின் கணக்கில் வரவும் செலவும் இரண்டுமே பெரிதாகத்தான் இருக்கிறது.

இப்போது என் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டில் 28 நாள் க்யூப் டெஸ்ட். எம் 25 கான்கிரீட். மூன்று க்யூபில் இரண்டு 32, 31 என்று வந்தன, மூன்றாவது 24. சராசரி 29. தனி க்யூப் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த முடிவே செல்லாது என்பது ஐ.எஸ். 456 விதி. மேலே இருந்தவர், அது ஓரம் உடைந்த க்யூப்பா, வேறொன்றை உடைத்து எழுது என்றார். ஓரம் உடையவில்லை. ஆனாலும் நான் வேறொன்றை உடைத்து எழுதினேன். அந்தக் கட்டடம் இன்றும் நன்றாக நிற்கிறது. மில்லிகன் எண்ணும் கிட்டத்தட்டச் சரியாகத்தான் நின்றது. ஆனால் என் ரிஜிஸ்டரை நம்பி அடுத்த மாடிக்குச் சென்ட்ரிங் அடித்தவருக்கு, 24 என்று ஒன்று வந்தது தெரியவே தெரியாது. அதை அறியும் உரிமை அவருக்கு இருந்தது. அதற்குப் பிறகு எந்த ரிஜிஸ்டரிலும் அப்படிச் செய்யவில்லை. இதை முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

தம்பிகளே, தங்கைகளே! இன்று நீங்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டையே ஆய்விதழுக்கு அனுப்புகிறீர்கள். எங்கள் காலத்தில் அது அபூர்வம். பல இதழ்கள் இப்போது மூலத் தரவைக் கேட்கின்றன, யார் என்ன வேலை செய்தார் என்று தனியாக எழுதச் சொல்கின்றன. பிறர் எழுத்தைக் காப்பியடிப்பதற்கு எதிராக யு.ஜி.சி. 2018-ல் விதிமுறையே போட்டுவிட்டது. விதிகளை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எந்த ரீடிங்கை விடலாம் என்பதை ரீடிங் எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விட்டதை விட்டேன் என்று எழுதுங்கள். கூட உழைத்தவன் பெயரைப் போடுங்கள், உழைக்காதவர் பெயரைப் போடாதீர்கள். லேப் நோட்டைக் கிழிக்காதீர்கள். மில்லிகன் நோட்டைக் கிழிக்கவில்லை. அதனால்தான் அவர் செய்த தவறும் நமக்குத் தெரிகிறது, அந்தத் தவறு எவ்வளவு சிறியது என்பதும் தெரிகிறது.

சந்திப்பு நாளன்று பிசிக்ஸ் லேபை ஒரு மணி நேரம் திறந்து வைக்கும்படி செயலாளர் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அந்த மைக்ராஸ்கோப் இன்னும் இருந்தால், யங் மாடுலஸ் ரீடிங்கை நிஜமாகவே ஒரு தரம் எடுத்துப் பார்க்க ஆசை. சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விடை என்ன வந்தாலும் அதையே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவேன்.