சட்டைப்பையில் விதை சுமந்தவர்

என் பாட்டி ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். மரத்துக்குச் சேதமில்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் அந்த முறையை வகுத்தவர் ஹென்றி ரிட்லி என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கிலாந்தில் 1855ல் பிறந்த ரிட்லி, 1888ல் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக வந்தார். அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. ஆனால், மலாயாத் தோட்ட முதலாளிகளின் கவனமெல்லாம் காப்பியில்தான் இருந்தது. ரிட்லி ரப்பர் மரத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதலாளிகளைத் தேடிப் போனார். பைத்தியக்காரர் என்ற பெயர்தான் கிடைத்தது. 1896ல் மலாக்காவில் டான் சாய் யான் அவரை நம்பி ரப்பர் பயிரிட்டார். பின்னர் காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டது. மலாயா ரப்பர் நாடானது. ரிட்லி 1956ல் நூறு வயதில் மறைந்தார்.

தொழில்துறைகள் மாறும் வேகத்தைப் பார்த்து, படிப்பது நாளை பயன்படுமா என்று நானும் நண்பர்களும் அஞ்சுகிறோம். மாற்றம் வந்தபோது ரிட்லியிடம் விதையும் முறையும் தயாராக இருந்தன. அந்தத் தயார்நிலையைத்தான் நான் தலைமைத்துவம் என்கிறேன். ஆனாலும், அவர் வகுத்த முறையை விடியற்காலை இருட்டில் மரம் மரமாகச் செய்து முடித்தவை பாட்டியைப் போன்றவர்களின் கைகள். வரலாற்றில் அவற்றுக்கும் இடம் வேண்டும்.