மின்சாரத்தைப் பார்த்தும் காந்தம் என்றவர்

பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்தில் சீபெக் விளைவு என்று ஒன்று வருகிறதல்லவா? அந்த சீபெக் யார், தெரியுமா?

முழுப்பெயர் தாமஸ் யோகான் சீபெக். 1770 ஏப்ரல் 9ஆம் தேதி ரேவால் நகரில் பிறந்தார். இன்று அது எஸ்தோனியாவின் தலைநகர் தாலின். அப்பா வசதியான வியாபாரி. மகன் ஜெர்மனியில் டாக்டருக்குப் படித்து 1802இல் பட்டமும் வாங்கினார். ஆனா வைத்தியம் பார்க்கவில்லை. மனசு பூரா இயற்பியலில்தான்! ஜேனா நகரில் தங்கி ஒளி, நிறம் பற்றி ஆராய்ந்தார். பெரிய கவிஞரான கதே இவருடைய நண்பர். 1818இல் பெர்லின் அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார்.

1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. சீபெக்கும் களத்தில் இறங்கினார். 1821இல் செம்பையும் பிஸ்மத்தையும் இரண்டு முனைகளிலும் சேர்த்து வளையமாக்கி, நடுவில் காந்த ஊசியை வைத்தார். பாட்டரி கிடையாது, அமிலமும் கிடையாது. ஒரு இணைப்பைக் கையால் அழுத்தியதும் ஊசி அசைந்தது! கையின் ஈரமா, சூடா? கைக்கும் உலோகத்துக்கும் நடுவே வேறு பொருள்களை வைத்து அழுத்திப் பார்த்தார். சூடுதான் காரணம் என்று தெரிந்தது. விளக்கில் காட்டினால் ஊசி இன்னும் நன்றாகத் திரும்பியது.

இங்கேதான் வேடிக்கை. அது மின்சாரம் என்பதை சீபெக் ஒத்துக்கொள்ளவே இல்லை! வெப்பம் உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்றார். பூமி காந்தமாக இருப்பதற்கும் வெப்ப வேறுபாடுதான் காரணம் என்று நம்பினார். ஓர்ஸ்டெட் வெப்ப மின்சாரம் என்று பெயர் வைத்ததும் இவருக்குப் பிடிக்கவில்லை.

இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வது நியாயமில்லை என்பேன். விளக்கம்தான் தப்பு, அளந்தது தப்பில்லை. உலோகம், தாது என்று ஒவ்வொன்றாக எடுத்து, எது ஊசியை எவ்வளவு, எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பெரிய வரிசையே போட்டார். அவருடைய பிஸ்மத்–செம்பு ஜோடியை வைத்துத்தான் 1826இல் ஓம் தன்னுடைய புகழ்பெற்ற விதிக்கான அளவுகளை எடுத்தார். ஒரு இணைப்பு கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில்!

சீபெக் 1831 டிசம்பர் 10ஆம் தேதி பெர்லினில் காலமானார்.

இன்றைக்கும் அதே வேலை நடக்கிறது, மென்படலங்களில். கண்ணாடித் தகட்டின் மேல் 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு பூச்சு. தலைமுடி இதைவிடப் பல நூறு மடங்கு தடிமன்! ஒரு ஓரத்தைக் கொஞ்சம் சூடாக்கி, இரண்டு இடங்களில் வெப்பநிலையும் அவற்றுக்கிடையே மின்னழுத்தமும் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தை வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தால் சீபெக் எண். ஒரு டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட் முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரை வரும். இதற்குப் படலத்தின் தடிமன் தெரிய வேண்டியதில்லை. வெப்பம் கடத்தும் திறனை அளப்பதுதான் தலைவலி. அடியில் உள்ள கண்ணாடியே பெரும்பகுதி வெப்பத்தைக் கடத்திவிடும்.

இன்னொரு சிக்கல் பாருங்க. அளக்கிற கம்பிக்கும் ஒரு சீபெக் விளைவு உண்டு! அதையும் கணக்கில் சேர்த்தால்தான் படலத்தின் உண்மையான எண் கிடைக்கும்.