மிருதங்கத் தோலில் விசையின் கணக்கைக் கண்ட சர் சி.வி.ராமன்

பெங்களூரு: ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் என்றே சர் சி.வி.ராமன் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆனால், விசை செயல்படும்போது ஒரு பொருள் எவ்வாறு அசைகிறது என்ற அடிப்படைக் கேள்வியும் அவரை நெடுங்காலம் ஈர்த்து வந்தது. அதற்கான விடையை அவர் வயலினிலும் மிருதங்கத்திலும் தேடினார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா சென்ற அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1917-ல் அரசுப் பணியைத் துறந்து, கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

வில்லால் இழைக்கப்படும் தந்தியின் அதிர்வு குறித்த அவரது விரிவான ஆய்வு 1918-ல் வெளியானது. வில்லின் உராய்வு விசை தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓர் எல்லையில் பிடி நழுவ, தந்தி தன் இழுவிசையால் பின்னோக்கிப் பாய்கிறது. ஒரு நொடியில் பல நூறு முறை நிகழும் இந்தப் பற்றலும் நழுவலுமே வயலினின் நாதம். வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினை நகர்த்தும் இயந்திரம் ஒன்றை அமைத்து, வில் அழுத்தத்தை அவர் அளந்தார். குதிரைக்கு அருகில் வாசிக்க வாசிக்க வில்லை அழுத்தும் விசையும் கூட வேண்டும் என்பது அதில் உறுதியானது.

பறை, முரசு போன்ற தோற்கருவிகளில் வேறொரு சிக்கல் இருந்தது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனால் அவற்றின் ஒலியில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு என்பதை ராமன் 1920-ல் சிவகாளி குமாருடன் இணைந்து நேச்சர் இதழில் எடுத்துரைத்தார்.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்ற அவர், மறு ஆண்டு இந்திய அறிவியல் அகாதமியை நிறுவினார். அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே மிருதங்க ஆய்வை விரிவாக வெளியிட்டார். தோலின் மீது நுண்மணலைத் தூவித் தட்டியபோது, அதிராத இடங்களில் மணல் கோடுகளாக ஒதுங்கி, அதிர்வின் வடிவத்தைக் காட்டியது.

விசை மாறாமல் நிறை கூடினால் முடுக்கம் குறையும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. வலந்தலையின் நடுவே பூசப்படும் கரிய கரணை செய்வதும் இதுவே. அது நடுப்பகுதியின் நிறையைக் கூட்டி, அதிர்வுகளின் வேகத்தை மாற்றி, முதல் ஐந்து சுரங்களை முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. சமன்பாடு எதுவும் எழுதாத கைவினைஞர்கள், செவியை மட்டுமே நம்பி இந்த இயற்பியல் சிக்கலுக்குத் தீர்வு கண்டிருந்தனர் என்பதை ராமனின் ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

பெங்களூரு வாழ்க்கை அவருக்குச் சுமுகமாக அமையவில்லை. நிர்வாகத்துடன் எழுந்த கருத்து வேறுபாடுகளால் 1937-ல் இயக்குநர் பதவியிலிருந்து விலகி, 1948 வரை பேராசிரியராக நீடித்தார். பின்னர், மைசூரு மன்னர் வழங்கிய நிலத்தில் அமைந்த ராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியைத் தொடர்ந்தார். அரசு நிதி ஆய்வுச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் என்று கருதி அதனைத் தவிர்த்தார். 1954-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி காலமான ராமனின் உடல், அந்நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழுப்பப்படவில்லை. ஒரு மரம் மட்டுமே நிற்கிறது.