தந்தைக்குக் கண்ணாக நின்ற மகள்

‘ஜேன் அயர்’ கதையை நம்மில் பலர் சுருக்கப் பதிப்பிலாவது படித்திருப்போம். அதை எழுதிய சார்லோட் பிராண்டே, வயது முதிர்ந்த தந்தையைப் பேணிக்கொண்டே அதைத் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று அவர் பிறந்தார். தந்தை பாட்ரிக், ஹாவொர்த் என்னும் மலையூரில் ஆங்கிலிக்கன் குருவானவர். தாய் 1821-இல் மறைந்தார். 1825-இல் மூத்த சகோதரிகள் இருவரும் உறைவிடப் பள்ளியில் நோயுற்று, வீடு திரும்பி இறந்தனர். ஒன்பது வயதிலேயே சார்லோட் வீட்டின் மூத்த பிள்ளையானார்.

பிற்காலத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் படித்துத் திரும்பியபோது, தந்தையின் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. மான்செஸ்டரில் ஒரு பெரிய பள்ளியில் ஆண்டுக்கு 100 பவுன் சம்பளத்தில் தலைமை ஆசிரியை வேலை அவரைத் தேடி வந்தது. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது பெருந்தொகை. தந்தையை விட்டுப் போக மனமின்றி மறுத்துவிட்டார். குருமனையிலேயே பள்ளி நடத்தலாம் என்று சகோதரிகள் விளம்பரம் அனுப்பினர். ஒரு மாணவிகூட வரவில்லை! 1846-இல் மூவரும் புனைபெயரில் வெளியிட்ட கவிதை நூல், ஓராண்டில் இரண்டே பிரதிகள் விற்றது.

அதற்குள் தந்தைக்கு எழுத்துகள் தெரியாமல் போயின. புத்தகமே துணையாக வாழ்ந்த 69 வயது முதியவருக்கு அது எத்தகைய வேதனை என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டு மாதம் சார்லோட் அவரை மான்செஸ்டருக்கு அழைத்துச் சென்று, வாடகை அறை ஒன்றில் தங்கவைத்தார். வில்சன் என்ற மருத்துவர் கண்புரையை அகற்றினார். மயக்க மருந்தின் பயன் உலகறிய நிரூபிக்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில்தான். ஆகவே, நினைவோடு இருந்தவரின் கண்ணில் கத்தி வைக்கப்பட்டது. கால் மணி நேரம் அவர் அசையாது பொறுத்தார். மகளும் உடனிருக்க வேண்டுமென்று அவர் விரும்பியதால், சார்லோட் அவ்வறையிலேயே மூச்சையடக்கி அமர்ந்திருந்தார்.

அன்றைய தினமே, அவர் பதிப்பகத்துக்கு அனுப்பிய ‘பேராசிரியர்’ என்னும் நாவல் வேண்டாமென்று திரும்பி வந்தது.

பின்னர் ஒரு மாதம் இருட்டறை வாசம். கட்டுப்போட்ட கண்களோடு தந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். வீக்கம் வராதிருக்க அட்டைகளை விட்டு இரத்தம் எடுத்தார்கள். கூலிக்கு வந்த தாதிக்கு என்ன சமைத்துப் போடுவது என்று சார்லோட் தவித்தார். தமக்கோ தாங்கமுடியாத பல்வலி. பழகாத ஊர், பேச ஆளில்லை. அந்த வீட்டில்தான் காகிதத்தை எடுத்து ‘ஜேன் அயர்’ கதையை எழுதத் தொடங்கினார். திருப்பி அனுப்பப்பட்ட நாவலையும் விடாமல் வேறு பதிப்பகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

தந்தைக்குப் பார்வை திரும்பியது. மீண்டும் நூல்களைப் படித்தார். துணையின்றி ஆராதனை நடத்தினார். 1847 அக்டோபரில் ‘ஜேன் அயர்’ வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அக்கதையின் முடிவில் பார்வையிழந்த ராச்செஸ்டருக்கு ஒரு கண் தெளிவதைப் படிக்கும்போது, மான்செஸ்டர் இருட்டறை நம் நினைவுக்கு வராமலிருக்காது.

ஆனால் துன்பம் அவர்களை விடவில்லை. 1848 செப்டம்பரில் தம்பி பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன் என்று எட்டே மாதங்களில் மூவர் மறைந்தனர். பெரிய வீட்டில் முதியவரும் மகளும் மட்டுமே எஞ்சினர். அந்த வெறுமையிலும் சார்லோட் ‘ஷர்லி’ நாவலை எழுதி முடித்தார்.

தந்தை எளிதில் இணங்குபவர் அல்லர். உதவிக்குரு நிக்கல்ஸ் தம் மகளை மணக்கக் கேட்டபோது கடுங்கோபம் கொண்டார். சார்லோட் பொறுமையாகக் காத்திருந்தார். மணத்துக்குப் பின்னும் தந்தையோடு அதே வீட்டில் வாழ்வது என்ற ஏற்பாட்டின்பேரில் 1854 ஜூன் 29 அன்று திருமணம் நடந்தது. அதற்கும் தந்தை கோயிலுக்கு வரவில்லை. சார்லோட்டின் பழைய ஆசிரியை ஒருவரே மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார்.

ஒன்பது மாதங்களுக்குப் பின், 1855 மார்ச் 31 அன்று, சார்லோட் தம் 38-ஆம் வயதில் இறந்தார். பெற்ற ஆறு மக்களையும் இழந்த பாட்ரிக்கை நிக்கல்ஸ் கைவிடவில்லை. ஒரு காலத்தில் தம்மை வெறுத்த மாமனாரோடு அக்குருமனையிலேயே தங்கி, அவர் 1861 ஜூன் 7 அன்று 84 வயதில் கண்மூடும்வரை உடனிருந்தார்.