கோழிக்கும் டைனோசருக்கும் உறவு சொன்னவர்

கோழிக் காலை உற்றுப் பார்த்திருக்கிறீங்களா? ஓணான் தோல் மாதிரி செதில் செதிலா இருக்கும். பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள இந்த உறவை எலும்பை வைத்தே விளக்கியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

இவர் 4.5.1825-ல் இங்கிலாந்தில் ஈலிங் என்னும் ஊரில் பிறந்தார். அப்பா கணக்கு வாத்தியார். ஆனாலும் ஹக்ஸ்லி பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம்தான்! பத்து வயசோடு படிப்பு நின்னுபோச்சு. இதைப் படித்ததும் எட்டாவதோடு நின்ற என் சிநேகிதி ஞாபகம்தான் எனக்கு வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் விடியும் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றி, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நிலவியல் புத்தகம் படிப்பாராம். ஜெர்மன் மொழியையும் தானாகவே கற்றார். பிறகு மருத்துவம் படித்து, 1846-ல் ராட்டில்ஸ்நேக் என்ற கப்பலில் உதவி டாக்டராக ஆஸ்திரேலியா பக்கம் போனார். அங்கே கடல் ஜெல்லிகளை ஆராய்ந்தார். 26 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர்!

1861-ல் ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு புதைபடிவம் கிடைத்தது. அதுதான் ஆர்க்கியாப்டெரிக்ஸ். சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்தியது, காக்கா அளவுதான். இறகு பறவை மாதிரி. ஆனால் இறக்கையில் மூன்று நகம், பல்லி வால் மாதிரி நீளமான எலும்பு வால். பிறகு பல்லும் இருந்தது தெரிந்தது. லண்டன் அருங்காட்சியகம் மற்ற படிவங்களோடு சேர்த்து 700 பவுண்டுக்கு வாங்கியது. பெரிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் ஆராய்ந்து, இது வெறும் பறவைதான் என்று முடித்துவிட்டார்.

ஹக்ஸ்லி விடுவாரா? ரெண்டு பேருக்கும் முன்பே ஆகாது. 1868-ல் அவர் அந்தக் கல்லை மறுபடி பார்த்து, ஓவன் இடது காலை வலது கால் என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார் (எனக்குப் படிக்கும்போதே சிரிப்பு வந்துருச்சு). அதோடு நிற்காமல், காம்ப்சோநாத்தஸ் என்ற கோழி சைஸ் டைனோசரின் இடுப்பையும் காலையும் பறவைகளோடு ஒப்பிட்டார். ரெண்டும் ஒரே சாயல்! டைனோசருக்கும் பறவைக்கும் நெருங்கிய சொந்தம் என்று சொன்னார். கூலித் தொழிலாளிகளுக்கும் புரியும்படி அறிவியல் பேசினவர் அவர். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

29.6.1895-ல் இறந்தார். 1926-ல் ஹைல்மன் என்பவர் டைனோசருக்குக் காறை எலும்பே கிடையாது, அதனால் இந்தச் சொந்தம் செல்லாது என்று எழுத, எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள். பிறகுதான் காறை எலும்புள்ள டைனோசர்கள் இருப்பது தெளிவானது. 1970-களில் அமெரிக்காவின் ஜான் ஆஸ்ட்ரம் ஹக்ஸ்லி பக்கம் நின்றார். 1996-ல் சீனாவில், உடம்பெல்லாம் தூவி போர்த்திய டைனோசரே கிடைத்தது. அப்போது ஹக்ஸ்லி இறந்து 101 வருஷம் ஆகியிருந்தது.