கொதித்த ரேடியேட்டரும் ஜி.டி. நாயுடுவும்

இந்தியாவின் எடிசன் என்று போற்றப்படும் ஜி.டி. நாயுடு, பள்ளியில் படித்தது தொடக்க வகுப்புகள் மட்டுமே. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்ற சிற்றூரில் 1893 மார்ச் 23-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி ஒன்று உருவாகவே துணை நின்ற இந்த மனிதருக்கு இயந்திரவியலைக் கற்றுக்கொடுத்தவர் யார்? ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான்!

ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளை இளைஞர் நாயுடு பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவகத்தில் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அதில் ஊர் சுற்றுவதற்கு முன், அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய முதல் பாடநூல்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வணிகத்தில் பணம் ஈட்டினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று, அதே வணிகத்தில் இழந்தார். ஆனாலும் சோர்ந்துவிடவில்லை. கோயம்புத்தூர் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்தைத் தாமே ஓட்டினார்.

அக்காலப் பேருந்துகளுக்கு ஒரு தீராத நோய் இருந்தது. போகும் வழியில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுவார். பிறகு வண்டி கிளம்பும். சிறிது தூரம் போனதும் மீண்டும் அதே கதை. பழனி முருகனைத் தரிசிக்கக் கிளம்பியவரும் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோனவரும் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராத பேருந்தில் யார் மறுபடி ஏறுவார்கள்?

கொதிக்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றுவது நோயைக் குணப்படுத்தாது, தள்ளிப்போடும், அவ்வளவுதான். நாயுடு காரணத்தைத் தேடினார். புதிய ரேடியேட்டர் ஒன்றை உருவாக்கித் தம் பேருந்துகளில் பொருத்தினார். எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றையும் வடிவமைத்தார். கோளாறு முற்றி வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரே பேருந்தோடு தொடங்கிய அவருடைய யூ.எம்.எஸ். நிறுவனம், பின்னாளில் 200-க்கும் மேற்பட்ட வாகனங்களோடு வளர்ந்தது.

மாணவர்களே, அவர் காலத்துச் சிக்கல் இன்றும் நம்மோடுதான் இருக்கிறது. ஜொகூர் பாலத்து நெரிசலில் நிற்கும் ஒரு பழைய காரை எடுத்துக்கொள்வோம். வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தக் கோளாறும் தெரிவதில்லை. வந்து வந்து போகும் கோளாறுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. அது எப்போது வருகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நிற்கும்போது மட்டும் சூடேறினால், முதலில் ரேடியேட்டர் விசிறியையும் அதற்கு மின்சாரம் தரும் ரிலே, சுவிட்ச் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்காற்று கிடைக்கும். நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. மாறாக, வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு இருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஒருநாள் சூடேறி மறுநாள் சரியாக இருந்தால், சரியாகத் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ரேடியேட்டர் மூடிகூடக் காரணமாகலாம். அது உள்ளே அழுத்தத்தைக் காப்பதால்தான் கூலண்ட் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலண்ட் விரைவில் கொதித்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பணமும் போகும், பாடமும் போகும். எந்தப் பாகம் குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை. கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கட் பழுதாகி, செலவு பல மடங்காகும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

கையால் செய்து கற்கும் இந்த முறையை நாயுடு மற்றவர்களுக்கும் கொடுக்க விரும்பினார். 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் உருவாகத் துணைநின்றார். அவற்றில் ஒன்றே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நீண்ட ஆண்டுகள் ஏட்டைப் புரட்டுவதைவிட, குறுகிய காலத்தில் பட்டறையில் நின்று பழகுவதே மேல் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்தக் கருத்தை எல்லாரும் ஏற்கவில்லை. அவரும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

1974 ஜனவரி 4-இல் ஜி.டி. நாயுடு மறைந்தார். எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்கல்வியா, மேற்கல்வியா என்று யோசிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் வாழ்க்கை ஒரு செய்தி சொல்கிறது. தொழிற்கல்லூரியின் பட்டறையில் நின்றாலும், பத்து பகாட்டிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தாலும், இயந்திரம் கேட்பது சான்றிதழை அல்ல. ஏன் கொதிக்கிறது என்று பொறுமையாகத் தேடும் ஒருவரைத்தான் அது எதிர்பார்க்கிறது.